சிவப்புப் பத்து

மழை பிடித்து ஆறு நாளாகிவிட்டது. மழை வந்தால் மனுஷனுக்குச் சளி பிடிக்கிறது, காருக்கு ஒயரில் பிடிக்கிறது. மனுஷன் டாக்டரிடம் போவான். கார் கரண்ட்காரரிடம் வரும்.

கரண்ட்காரர் என்பது எதிரே இருக்கிற டாக்சி ஸ்டாண்டுக்காரர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மனுஷர் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார். வயது ஐம்பத்து மூன்று. அதில் முப்பது வருஷம் தலைகீழாகவே போயிருக்கிறது. ஃப்யூஸ் பெட்டியைக் கொண்டுபோய் ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடலுக்கு மேலே, கை போனால் கண் போகாத மூலையில் வைத்தானே ஒரு புண்ணியவான், அவன் யாரென்று தெரிந்தால் ஒரே ஒரு நாள் அந்த இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவருடைய முழங்காலுக்கும் அதே ஆசைதான்.

கடை என்று பெயர், ஒரு தகரக் கொட்டகை. கார் ஒன்று உள்ளே வந்துவிட்டால் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். வேலையில் கெட்டிக்காரர். வாய்தான் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்ன கொஞ்சம், நல்ல நீளம். அதுவும் ஃப்யூஸ் விஷயத்தில் யாராவது விளையாடியது தெரிந்தால் அவ்வளவுதான். போன ஃப்யூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி வைத்த டிரைவர் எவனாவது அவரிடம் மாட்டினால், ஸ்டாண்டு மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி காய்ச்சி எடுப்பார்.

"ஃப்யூஸ் எதுக்குய்யா இருக்கு? போறதுக்குத்தான் இருக்கு. அது செத்தா வண்டி பொழைக்கும். அத சாகவிடாம பண்ணினா வண்டி எரியும். வண்டிக்குள்ள யாரு இருப்பா? நீதான் இருப்பே."

இந்தப் பிரசங்கம் ஸ்டாண்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் இல்லாத நேரத்தில் அவர் மாதிரியே விரலை ஆட்டிச் சொல்லிக் காட்டுவார்கள். சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. பத்து ஆம்பியருக்குச் சிவப்பு, பதினைந்துக்கு நீலம், இருபதுக்கு மஞ்சள். எந்தக் குழியில் எது என்று பெட்டி மூடியிலேயே போட்டிருக்கிறது. சிவப்பு போனால் சிவப்பு வை. மறுபடி போனால் எங்கே ஒயர் உரசுகிறது என்று தேடு. இதுதான் சாத்திரம்.

இப்படிப்பட்ட மனுஷர்தான் நாலு நாள் முன்னால், மழையும் வேலையும் கழுத்தை நெரித்த ஒரு மத்தியானத்தில், ஒரு காரியம் செய்தார். செத்துப்போன சிவப்பு ஃப்யூஸ் ஒன்றை எடுத்து, அதன் இரண்டு காலுக்கும் நடுவே செப்புக் கம்பியை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். ஆள் சிவப்பு, நம்பர் பத்து, ஆனால் எத்தனை ஆம்பியர் போனாலும் சாகாது. வண்டியில் விட்டுவைக்க இல்லை, தேடத்தான். ஒயர் எங்கே உரசுகிறது என்று தெரியாதபோது இதை ஒரு நொடி சொருகினால், உரசுகிற இடத்தில் லேசாகப் புகை வரும். இடம் தெரிந்துவிடும். உடனே பிடுங்கிவிட வேண்டும். முறைப்படி செய்கிறவர்கள் ஃப்யூஸ் குழியில் ஒரு பல்பை மாட்டிவிட்டு ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்ப்பார்கள். அவரும் அப்படிச் செய்தவர்தான். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். வாசலில் ஆறு வண்டி நின்றால் ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது?

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. குறை எந்த இடத்தில் என்று தெரியவில்லை. அந்தக் கள்ள ஃப்யூஸுக்காகச் சட்டைப் பையில் கை விட்டார். ஒவ்வொரு தடவையும் எழுந்து டப்பாவுக்குப் போக முழங்கால் இடம் கொடுக்காது என்று ஏழெட்டு ஃப்யூஸைப் பையிலேயே போட்டு வைத்திருப்பது அவர் வழக்கம். சிவப்பு இரண்டு வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் நல்லது. பையைக் கவிழ்த்தார். நீலம், மஞ்சள், ஒரு திருகாணி, நனைந்த பீடி. அவ்வளவுதான்.

கால்சட்டைப் பையைப் பார்த்தார். வேனுக்கு அடியில் பார்த்தார். வழக்கமாக அதை மாட்டிவைக்கிற ஆணியைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது. நேற்று சாயங்காலம் கடைசி வண்டியில் பிடுங்கியது ஞாபகம் வந்தது. பிடுங்கினதும் ஆணிக்குப் போகாமல் பையில் போட்டதும் ஞாபகம் வந்தது. துவைத்தது எதுவும் காயவில்லை என்று இன்றைக்கும் அதே சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

இன்றைக்குச் சிவப்பு போட்டது மூன்று வண்டிக்கு. காலையில் ஒரு நர்ஸம்மாவின் சின்னக் கார். பத்து மணிக்கு ஸ்டாண்டுத் தலைவரின் டாக்சி. மத்தியானம் மச்சினனின் டாக்சி. மூன்றில் ஒன்றில் அது உட்கார்ந்திருக்கிறது.

தலைவரின் வண்டி எதிரேதான் நின்றது. தலைவர் உள்ளே சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கரண்ட்காரர் கதவைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் தலையை உள்ளே நுழைத்தார்.

"என்னய்யா?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல. லூசா சொருகின மாதிரி இருந்துச்சு."

"நீ சும்மா எந்த வண்டியையும் தொட மாட்டியே."

"காலைத் தூக்குங்க."

பிடுங்கிப் பார்த்தார். நல்லது. திருப்பிச் சொருகினார். தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த பத்து வருஷத்துக்கு ஸ்டாண்டில் வேறு பேச்சு இருக்காது. முப்பது வருஷம் ஊருக்கு உபதேசம் செய்தவனுக்கு நாக்கு எழவில்லை.

மச்சினன் அவர் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது, அவருக்கு எதிர்ப்பேச்சு பேசாத பிள்ளை. அவனிடம் மறைக்கத் தெம்பில்லை. வண்டிக்குள் தலையை விட்டபடியே விஷயத்தைச் சொன்னார். அவன் முதலில் சிரித்துவிட்டான். அப்புறம் அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

"நீங்களா மாமா?"

"நான்தான்."

அவனுடைய ஃப்யூஸும் நல்லது. மிச்சம் இருந்தது ஒரே வண்டி.

அந்த நர்ஸம்மா காலை ஆறு இருபதுக்கு வந்திருந்தார். ஐந்து நாளில் மூன்றாவது தடவை. பின்விளக்கு ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. ஏழு மணிக்கு டூட்டி. தேட அவருக்கும் நேரம் இல்லை, கரண்ட்காரருக்கும் மனசு இல்லை. "கொஞ்சம் பெருசா ஒண்ணு போட்டா நிக்காதா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டுவிட்டார். பாவம், தெரியாமல்தான் கேட்டார். கரண்ட்காரர் பெடலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, எழுந்து நின்று, விரலை நீட்டிப் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"படிச்சவங்கதானே நீங்க? ஒருத்தருக்குக் காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டர ஒடைச்சுப் போட்டுட்டு சரியாப்போச்சுன்னு சொல்வீங்களா? வண்டி எரிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று ஐந்து நிமிஷம். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. அதற்கப்புறம் இவர் மறுபடி படுத்து, பையில் கைவிட்டு, வந்த சிவப்பைப் பார்க்காமலே சொருகினார். விளக்கு எரிந்தது. "லீவு நாள்ல கொண்டு வாங்க, தேடிப் பாத்துடலாம்," என்று அனுப்பிவிட்டார்.

நல்ல ஃப்யூஸ் போட்டிருந்தால் மறுபடி போயிருக்கும், விளக்கு அணைந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். இப்போது அது போகாது. ஒயர்தான் போகும்.

நர்ஸம்மாவின் நம்பர் இவரிடம் இல்லை. இவருடைய நம்பர் கடைப் பலகையிலேயே இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாருடைய நம்பரையும் இவர் குறித்து வைப்பதில்லை. முக்காலியில் உட்கார்ந்தார். ஒன்றும் ஆகாது என்று ஒரு மனம் சொன்னது. எல்லா நேரமும் உரசுவதில்லை, ஐந்து நாளில் மூன்று தடவைதானே? வண்டியும் பகல் முழுக்கச் சும்மா நிற்கும். லீவு நாளில் வரத்தானே போகிறது, அப்போது சத்தம் போடாமல் மாற்றிவிடலாம். உடம்பில் ஒவ்வொரு எலும்பும் வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்றது. அந்த மனத்துக்கு இசைந்தே போயிருப்பார். ஆனால் காலையில் அந்தக் காரில் தலையை விட்டபோது பின் சீட்டில் ஒரு குழந்தை இருக்கை கட்டியிருந்ததைப் பார்த்திருந்தார். பின்விளக்கு ஒயர் அந்தச் சீட்டுக்கு அடியில்தான் போகிறது. ஏழு மணிக்கு டூட்டி முடியும், இருட்டியிருக்கும், விளக்கைப் போடுவார், வழியில் அம்மா வீட்டில் விட்ட பிள்ளையை ஏற்றிக்கொள்வார். அதுவும், எந்த ஆஸ்பத்திரி என்பதும் காலையில் சொன்னதுதான், அவசரம் என்று புரியவைக்கச் சொன்னது.

"மாப்ள, வண்டிய எடு," என்றார்.

மழையில் சாலை அடைத்துக்கொண்டு கிடந்தது. வைப்பர் போய் வந்தது. ஒரு சிக்னலில் மூன்று தடவை பச்சை விழுந்தும் அவர்கள் நகரவில்லை. கரண்ட்காரர் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறு பத்து. ஆறு இருபத்தைந்து.

"மாமா, அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்றது?"

"இந்தப் பக்கமா வந்தேன், சும்மா ஒரு தரம் செக் பண்ணிடலாம்னு பாத்தேன்னு சொல்லுங்க. மாத்திட்டு வந்துடலாம். தெரியவா போகுது?"

கரண்ட்காரரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நுழைந்தார்கள். இருநூறு வண்டியாவது இருக்கும். மழையில் எல்லாம் ஒரே நிறம். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாகக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி, குழந்தை இருக்கையோடு அந்தச் சின்னக் கார் நின்றது. எரியவில்லை. முழுசாக நின்றது. கரண்ட்காரர் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டார்.

ஏழே காலுக்கு நர்ஸுகள் வெளியே வந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு, யாரோடும் பேசாமல், அவரவர் வண்டியைத் தேடி நடந்தார்கள். நம்ம நர்ஸம்மா கிட்டே வந்து, இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன அண்ணா, இங்க?"

இந்தப் பக்கமா வந்தேன் என்பது நாக்கு நுனியில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் எதைச் சொன்னாலும் நம்பிவிடும், கேள்வி கேட்கக்கூட அதில் தெம்பு இல்லை. அதனாலேயே பொய் வரவில்லை.

"காலைல உங்க வண்டியில தப்பான ஃப்யூஸப் போட்டுட்டேம்மா. அது போகாத ஃப்யூஸ். நானே கம்பி வெச்சுப் பண்ணினது. பையில கலந்துபோச்சு. பாக்காம சொருகிட்டேன். வெளக்க மட்டும் போட்டுடாதீங்க. கதவத் தொறங்க."

அந்தப் பெண் சாவியை நீட்டினார்.

பிடுங்கினார். அதேதான். இரண்டு காலுக்கும் நடுவே செப்புக் கம்பி. மச்சினனிடம் கொடுத்துவிட்டு நல்ல சிவப்பு ஒன்றைப் போட்டு, விளக்கைப் போடச் சொன்னார். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பின்விளக்கு அணைந்தது. நல்ல ஃப்யூஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. அப்படியென்றால் உரசல் இப்போதும் இருக்கிறது.

அந்த ஈரத் தரையில், இந்தத் தடவை முறைப்படி, ஃப்யூஸ் குழியில் பல்பை மாட்டினார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. குறை இருக்கும்வரை அப்படித்தான் எரியும். பின்னால் போய் விளக்குகளைக் கழற்றினார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. டிக்கி மூலையில் இணைப்பைப் பிரித்தார். அப்போதும் எரிந்தது. கடைசியில் குழந்தை இருக்கையைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, பின் சீட்டைத் தூக்கி, விரிப்பை உரித்தார். சீட்டுக் காலுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒயர் நசுங்கிக் கிடந்தது. அதன் உறை ஒரு சாண் நீளத்துக்குக் கருகி உருகியிருந்தது. விரிப்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. ஒயரை விரலால் நெம்பி எடுத்ததும் முன்னால் பல்பு அணைந்தது.

மச்சினன் டார்ச்சை அந்தக் கரியின் மேல் பிடித்தபடி நின்றான். அந்தப் பெண் குனிந்து ஒரு விரலால் அதைத் தொட்டார். விரல் கறுப்பானது.

"காலைலயே வாசன வந்துது," என்றார்.

"எப்போம்மா?"

"இங்க வந்து சேர்ற நேரத்துல. பிளாஸ்டிக் கருகற மாதிரி. ஃபோன எடுத்தேன். உங்க நம்பரயும் எடுத்துட்டேன். அப்புறம் வெச்சுட்டேன்."

"ஏம்மா வெச்சீங்க?"

"காலைலதான அவ்ளோ பேசினீங்க. மறுபடி ஒரு தரம் வாங்கிக் கட்டிக்கத் தெம்பு இல்ல அண்ணா. உள்ள போய் பன்னெண்டு மணி நேரம் நிக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியின் அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கிற குரலில் சொன்னார்.

கரண்ட்காரருக்கு யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அறைந்திருந்தால்கூடத் தேவலை. கம்பி வைத்தது பாவம்தான், பார்க்காமல் சொருகியது அதைவிடப் பாவம். ஆனால் காலை ஏழு மணிக்கே இது முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரு ஃபோன் வந்திருந்தால் முடிந்திருக்கும். அந்த ஃபோன் வராமல் பண்ணியது அவருடைய வாய்.

கருகினதை வெட்டி எறிந்து புது ஒயர் சேர்த்தார், டேப் சுற்றினார், சீட்டுக் காலில் படாமல் விலக்கிக் கட்டினார். நல்ல சிவப்பு உள்ளே போனது. விளக்கு எரிந்தது, அணையாமல் நின்றது. பத்து நிமிஷம் எரியவிட்டு, ஒயரைத் தொட்டுச் சூடு பார்த்தார். சில்லென்று இருந்தது.

குழந்தை இருக்கையை அந்தப் பெண் தானே கட்டினார். வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"வந்து சொன்னீங்க, அதுக்கு நன்றி," என்றார். "ஆனா இனிமே உங்ககிட்ட வர மாட்டேன் அண்ணா."

"வராதீங்கம்மா," என்றார் கரண்ட்காரர். மனசாரத்தான் சொன்னார்.

கார் திரும்பி வாசலைத் தாண்டிப் போனது. இரண்டு பின்விளக்கும் எரிந்தபடி போனதை, அது வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது சாலை காலியாகியிருந்தது. கரண்ட்காரர் நனைந்த சட்டையோடு முன்சீட்டில் சாய்ந்திருந்தார். முதுகு, தோள், முழங்கால் என்று தனித்தனியாக வலித்தது. கண்ணை மூடினால் தூங்கிவிடலாம் போலிருந்தது, மூடினால் அந்தக் கரிதான் தெரிந்தது. மூன்றாவது சிக்னலைத் தாண்டியதும் மச்சினன் தொண்டையைச் செருமினான்.

"மாமா."

"ம்."

"நீங்க சாயங்காலம் உள்ள இருக்கற பெட்டியத்தான பாத்தீங்க. பானெட்டுக்குள்ள ஒரு பெட்டி இருக்கில்ல."

"இருக்கு."

"அதுல ஃபேன் ஃப்யூஸ் இருக்கற எடத்துல," என்று நிறுத்தினான். "கம்பிதான் இருக்கு."

கரண்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வண்டியில்தான் அவருடைய மனைவி வாரத்துக்கு ஒரு நாள் தம்பியோடு கடைக்குப் போய் வருகிறாள். ஃப்யூஸ் எதுக்குய்யா இருக்கு என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மச்சினன் சாலையைப் பார்த்தபடியே இருந்தான். ஆனால் அவனுடைய இரண்டு தோளும் காதுப் பக்கமாக ஏறிவிட்டிருந்தன, விழப்போகிற அடிக்குத் தயாராக. முப்பத்தைந்து வயது மனுஷன், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். இந்தத் தோளை இவர் எத்தனையோ தடவை பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாக ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை.

"எத்தன நாளா?" என்றார்.

"போன மழையிலேர்ந்து."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. அதற்குப் பதில் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்துவிட்டது.

"ஓரமா நிறுத்து."

"நாளைக்குப் பாக்கலாம் மாமா. களைச்சுப் போயிருக்கீங்க."

"பரவால்ல. நிறுத்துப்பா."

வண்டி ஒரு தெருவிளக்குக்கு அடியில் நின்றது. அவர் ஒவ்வொரு காலாக வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழுந்தார். மச்சினன் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுக் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தான். அவர் கம்பியை எடுத்தார், சரியான ஃப்யூஸைத் தேடிச் சொருகினார், மூடியை அழுத்தினார். அவன் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டு வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தான். அப்போதும் வரவில்லை.

"மாமா," என்றான் மெதுவாக. "ஹாரனுக்கும் அப்படித்தான் வெச்சிருக்கேன்."

கரண்ட்காரர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, காட்டு," என்றார்.